ட்ரஃபிள் காளான்: எதற்கு இவ்வளவு விலை, எதைப் பார்த்து வாங்குவது?

2007ஆம் ஆண்டின் கடைசியில், இத்தாலியின் பீசா நகருக்குப் பக்கத்தில் தோண்டியெடுத்த ஒரு வெள்ளை ட்ரஃபிள் ஏலத்துக்கு வந்தது. எடை ஒன்றரைக் கிலோ. மக்காவ் சூதாட்ட விடுதிகளின் அதிபர் ஸ்டான்லி ஹோ அதை 3,30,000 டாலருக்கு எடுத்தார். அன்றைய மதிப்பில் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு மேல். ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் வாக்கில் இப்படி ஏதாவது ஒரு ஏலச் செய்தி வரும். அதே நேரம் சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு கஃபேக்குப் போனால் 'ட்ரஃபிள் ஃப்ரைஸ்' சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் ட்ரஃபிள் சிப்ஸ், ட்ரஃபிள் மயோனைஸ், ட்ரஃபிள் எண்ணெய் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒரே பெயரில் இருக்கும் இரண்டு பொருட்களுக்கு நடுவே விலை இப்படி மலைக்கும் மடுவுக்குமாக இருந்தால் குழப்பம் வரத்தான் செய்யும். யாரோ ஏமாற்றுகிறார்களா? பணக்காரர்களின் வீண் பெருமையா? இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் விஷயத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ட்ரஃபிளில் நாம் காசு கொடுத்து வாங்குவது வாசனையை. வயிறு நிறைய அல்ல, சத்துக்கு அல்ல, நாவின் சுவைக்குக்கூடப் பெரிதாக அல்ல. அந்த வாசனை எப்படி உண்டாகிறது, எவ்வளவு நாள் நிற்கிறது என்று புரிந்துகொண்டால் விலை, மோசடி, வாங்கும் முறை, சாப்பிடும் முறை எல்லாம் வரிசையாகப் பிடிபட்டுவிடும்.

(சாக்லேட் ட்ரஃபிளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உருண்டையாக, கொக்கோ தூள் பூசி, மண் ஒட்டிய ட்ரஃபிள் போலத் தெரிவதால் வந்த பெயர் அது.)

மண்ணுக்கு அடியில் ஒரு பழம்

காளான் என்று நாம் சமைப்பது ஒரு பூஞ்சையின் பழம் மாதிரியான பகுதி மட்டும்தான். பூஞ்சையின் உண்மையான உடல் நூலிழைகளாக மண்ணுக்குள் பரவிக் கிடக்கும். சாதாரணக் காளான் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, குடை விரித்து, தன் வித்துத்தூளைக் காற்றில் விடுகிறது. டியூபர் என்ற பேரினத்தைச் சேர்ந்த ட்ரஃபிள் வெளியே வருவதே இல்லை. மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் முதல் ஓரடி ஆழம் வரை உருளைக்கிழங்கு போலத் திரண்டு, அங்கேயே முற்றுகிறது.

அதற்குத் தனியாக வாழவும் தெரியாது. ஓக், ஹேசல்நட், பாப்லர், லிண்டன், வில்லோ போன்ற மரங்களின் நுனிவேர்களைச் சுற்றி உறை போலப் படிந்து வாழ்கிறது. மரத்துக்குத் தண்ணீரையும் பாஸ்பரஸ் போன்ற தாதுக்களையும் சேர்த்துக் கொடுக்கிறது. மரம் பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. இதற்கு வேர்ப்பூஞ்சைக் கூட்டுறவு என்று பெயர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த, காரத்தன்மையுள்ள மண்தான் வேண்டும். சரியான மரம், சரியான மண், கோடையில் சரியான நேரத்தில் மழை என இத்தனையும் ஒன்றுகூட வேண்டும். கருப்பு ட்ரஃபிள் குடியிருக்கும் மரத்தைச் சுற்றிப் புல் கருகி வட்டமாக வெறும் தரை தெரியும். அந்தப் பூஞ்சை சுற்றியுள்ள செடிகளை வளரவிடாது. தேடுபவர்களுக்கு அதுவே முதல் அடையாளம்.

இனி வாசனைக்கு வருவோம். மண்ணுக்குள் காற்று வீசாது. அதனால் வித்துகளைப் பரப்ப ட்ரஃபிளுக்கு ஒரே வழி, ஏதாவது ஒரு விலங்கு தோண்டித் தின்று, வேறு எங்காவது போய் எச்சமிடுவது. தோண்ட வைக்க வேண்டுமானால் மண்ணைத் தாண்டி மேலே வரும் வாசனை வேண்டும். ஆகவே வித்துகள் முற்றும்போது ட்ரஃபிள் எளிதில் ஆவியாகும் கந்தகச் சேர்மங்களை வெளியிடத் தொடங்குகிறது. கருப்பு ட்ரஃபிளில் முக்கியமானது டைமெத்தில் சல்பைடு. வெள்ளை ட்ரஃபிளின் அடையாள வாசனை 2,4-டைதயாபென்டேன் என்ற சேர்மத்திலிருந்து வருகிறது. இவற்றோடு வேறு பல சேர்மங்களும் சேர்ந்துதான் முழு மணமாகிறது. நம் பெருங்காயத்தின் வாசத்துக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் காரணம். பச்சையாக முகர்ந்தால் முகம் சுளிக்க வைப்பதும், கொழுப்பில் பட்டதும் வேறு ஆளாக மாறிவிடுவதும் இரண்டுக்கும் பொது.

பன்றிக்கு ட்ரஃபிளின் மேல் வெறி வருவது அதிலுள்ள ஆண்ட்ரோஸ்டெனால் என்ற ஆண்பன்றி ஹார்மோனால்தான் என்று ஒரு விளக்கம் 1980களில் பிரபலமானது. இன்றும் பலர் அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். 1990இல் பிரான்ஸில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். வாசனைப் பொருட்களைத் தனித்தனியாக மண்ணில் புதைத்து வைத்தபோது, பன்றியும் நாய்களும் தேடிப் போனது டைமெத்தில் சல்பைடைத்தான்.

இதிலிருந்து வாங்குபவருக்கு உடனே இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, முற்றாத ட்ரஃபிளுக்கு வாசனை கிடையாது. பிடுங்கி வைத்தால் பிறகு வந்துவிடும் என்ற பேச்சுக்கும் இடமில்லை. இரண்டு, அந்த வாசனையின் வேலையே வெளியேறிப் போவது. தோண்டிய நிமிடத்திலிருந்து அது குறைந்துகொண்டே வருகிறது.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம் ஊரில் சொல்வார்கள் இல்லையா? ட்ரஃபிள் இடியால் பிறக்கிறது என்ற நம்பிக்கை பண்டைய கிரேக்க, ரோமானிய உலகிலும் இருந்தது. ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஒரு விவாதமே எழுதியிருக்கிறார். மழைக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவை மனிதர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் கவனித்திருக்கிறார்கள்.

எந்த ட்ரஃபிள்?

'ட்ரஃபிள்' என்று மட்டும் சொன்னால் விலையைப் பற்றிப் பேசவே முடியாது. டியூபர் பேரினத்தில் இனங்கள் ஏராளம். சந்தையில் அடிக்கடி கண்ணில் படுபவை ஐந்து.

1. டியூபர் மாக்னாட்டம் (வெள்ளை ட்ரஃபிள்). விலையின் உச்சி இதுதான். இத்தாலியின் பீட்மாண்ட், மார்க்கே, டஸ்கனி, மொலிசே பகுதிகள், குரோஷியாவின் இஸ்திரியா, பால்கன் நாடுகள் ஆகிய இடங்களில் கிடைக்கிறது. தோல் வழுவழுப்பாக, மங்கிய மஞ்சள் நிறத்தில் இருக்கும். உள்ளே வெளிர்பழுப்பில் வெள்ளை நரம்புகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல பருவம். பூண்டு, முதிர்ந்த பாலாடைக்கட்டி, தேன் எல்லாம் கலந்த ஒரு மணம். அறைக்குள் கொண்டுவந்தாலே தெரிந்துவிடும். 'ஆல்பா ட்ரஃபிள்' என்று விற்பதெல்லாம் ஆல்பா ஊரில் தோண்டியது என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் 1985ஆம் ஆண்டுச் சட்டமே 'பீட்மாண்ட் அல்லது ஆல்பா வெள்ளை ட்ரஃபிள்', 'அக்வாலான்யா வெள்ளை ட்ரஃபிள்' என்பவற்றை இந்த இனத்தின் பொதுப் பெயர்களாகத்தான் தருகிறது. எங்கே தோண்டினார்கள் என்பது தனிக் கேள்வி. அதை விற்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பார்வையில் தெரியாது.

2. டியூபர் மெலனோஸ்போரம் (குளிர்காலக் கருப்பு). பிரான்ஸின் பெரிகோர் பகுதியின் பெயரால் புகழ் பெற்றது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை. தோலில் சின்னச் சின்னப் பட்டை தீட்டியது போன்ற முண்டுகள். உள்ளே கரும்பழுப்பில் மெல்லிய வெள்ளை நரம்புகள் அடர்த்தியாக ஓடும். கொக்கோவும் ஈரக் காட்டு மண்ணும் சேர்ந்த மணம். மிதமான சூட்டைத் தாங்கும் என்பதால் சமையலில் வெள்ளையைவிடப் பலவிதமாகப் பயன்படும். சமைத்துப் பார்க்கும் ஆசை உள்ளவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

3. டியூபர் ஈஸ்டிவம் (கோடை ட்ரஃபிள்). மே முதல் ஆகஸ்ட் வரை. வெளியே கருப்பு, உள்ளே வெளிர்பழுப்பு. மணம் மென்மையானது, விலையும் அதற்கேற்பக் குறைவு. இலையுதிர் காலத்தில் எடுக்கும் 'பர்கண்டி ட்ரஃபிள்' இதே இனம்தான். முற்றி வருவதால் மணம் கூடுதல்.

4. டியூபர் போர்க்கி (பியாங்கெட்டோ). ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பார்க்க வெள்ளை ட்ரஃபிள் மாதிரியே இருக்கும், விலை அதில் சிறு பங்குதான். பூண்டு நெடி தூக்கலாக இருக்கும். தனக்குரிய பெயரில் விற்றால் நல்ல பொருள்தான்.

5. டியூபர் இண்டிகம் (ஆசிய அல்லது சீன ட்ரஃபிள்). இமயமலைப் பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இனம். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. இன்று பெருமளவில் சீனாவின் யுன்னான், சிச்சுவான் பகுதிகளிலிருந்து வருகிறது. வெளித்தோற்றத்தில் மெலனோஸ்போரத்திலிருந்து பிரித்தறிவது கடினம். மண்வெட்டியால் கிளறி முற்றாத நிலையிலேயே எடுத்துவிடுவதால் பெரும்பாலும் மணமே இருக்காது. நல்ல கருப்பு ட்ரஃபிளோடு கலந்து வைத்தால் அதன் வாசனையை வாங்கிக்கொள்ளும். கலப்படத்துக்கு வசதியாக இருப்பது இதனால்தான்.

இந்தக் கூட்டத்துக்கு வெளியே, குவைத், சவூதி, சிரியா பக்கம் மழைக்காலம் முடிந்ததும் பாலைவனத்தில் கிடைக்கும் டெர்ஃபீசியா, டிர்மானியா இனங்கள் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் குளிர்கால முடிவில் சந்தைகளில் பார்த்திருப்பார்கள். மணத்துக்காக அல்ல, கறி போல வேகவைத்தும் சோற்றோடு சேர்த்தும் வயிறாரச் சாப்பிடுவதற்காக வாங்குவது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் சால மரக் காடுகளில் ஆதிவாசி மக்கள் மழைக்காலத் தொடக்கத்தில் தோண்டியெடுக்கும் ருக்டா இன்னொரு வகை. அதுவும் மரவேரோடு கூட்டு வாழும் நிலத்தடிக் காளான்; ஆனால் ஆஸ்ட்ரேயஸ் என்ற வேறு பேரினம். 'இந்திய ட்ரஃபிள்' என்ற பெயரில் அதை ஐரோப்பிய விலையோடு ஒப்பிட்டு வரும் செய்திகள் பொருத்தமில்லாதவை. ருக்டாவுக்கென்று ஒரு ருசியும் சமையலும் உண்டு. அதை இன்னொன்றின் நகலாகச் சொல்வது அந்தக் காட்டு மக்களின் அறிவைக் குறைத்துக் காட்டுவதாகவே எனக்குப் படுகிறது.

கருப்பு தோட்டத்துக்கு வந்தது, வெள்ளை வரவில்லை

விலையைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி: பயிரிட முடியுமா?

கருப்பு ட்ரஃபிளைப் பயிரிட முடியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கு பிரான்ஸின் வோக்லூஸ் பகுதியில் ஜோசப் தாலோன் என்ற விவசாயி, ட்ரஃபிள் விளையும் ஓக் மரங்களின் கீழ் கிடந்த விதைகளை எடுத்து விதைத்தார். மரம் வளர்ந்தபோது கீழே ட்ரஃபிளும் வந்தது. அதே பகுதியைச் சேர்ந்த ஓகுஸ்த் ரூசோ இந்த முறையைப் பெரிய அளவில் செய்து, 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் தன் ட்ரஃபிள்களை வைத்தார். அப்புறம் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, காலியான நிலங்களில் பலர் ட்ரஃபிள் ஓக்குகளை நட்டார்கள். அந்த நூற்றாண்டின் இறுதியில் பிரான்ஸில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டன் கிடைத்தது. சாதாரணக் குடும்பங்களும் பண்டிகைக்கு வாங்கிய பொருள் அது.

முதல் உலகப் போர் அதைக் குலைத்தது. கிராமத்து ஆண்கள் போருக்குப் போய்த் திரும்பவில்லை. தோட்டங்களைப் பராமரிக்க ஆளில்லை, நுணுக்கம் தெரிந்தவர்களும் இல்லை. மரங்கள் அடர்ந்து நிழல் விழுந்தால் ட்ரஃபிள் நின்றுவிடும். இன்று பிரான்ஸின் விளைச்சல் சில பத்து டன்கள்தான். 1970களில் பிரெஞ்சு வேளாண் ஆய்வு நிறுவனம் நாற்றின் வேரிலேயே பூஞ்சையை ஏற்றி வளர்க்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு மறுபடி தோட்டங்கள் பெருகின. அப்படி நட்டாலும் முதல் ட்ரஃபிளைப் பார்க்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இதில் முன்னே போனது ஸ்பெயின். தெருவேல் மாகாணத்தின் சாரியோன் ஊரைச் சுற்றிய வறண்ட மேட்டுநிலம் இன்று உலகின் மிகப் பெரிய கருப்பு ட்ரஃபிள் தோட்டப் பகுதி. ஆஸ்திரேலியாவில் 1999இல் டாஸ்மானியாவில் முதல் ட்ரஃபிள் கிடைத்தது. இப்போது மேற்கு ஆஸ்திரேலியாவின் மஞ்சிமப் பகுதியிலிருந்து ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏற்றுமதியாகிறது. அங்கே அது குளிர்காலம். ஆகவே ஐரோப்பாவில் கோடை ட்ரஃபிள் மட்டும் இருக்கும் மாதங்களில், சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ இருப்பவருக்குப் புதிய குளிர்காலக் கருப்பு கிடைக்க வழி பிறந்திருக்கிறது.

வெள்ளை ட்ரஃபிளின் கதை வேறு. அதன் பூஞ்சையை நாற்றில் ஏற்றுவதே பெரும்பாடு, ஏற்றினாலும் காய்ப்பதில்லை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் அது இயற்கையாக வளராத ஒரு பகுதியில் நட்ட தோட்டத்தில் 2019இல் மூன்றும் 2020இல் நான்கும் கிடைத்ததாக 2021இல் அறிவித்தார்கள். அறிவியலில் அது பெரிய சாதனை. சந்தைக்கு அது ஒன்றுமே இல்லை. இன்றைக்கும் விற்பனைக்கு வரும் வெள்ளை ட்ரஃபிள் ஏறக்குறைய எல்லாமே காட்டில் தேடியெடுத்ததுதான்.

தேடுவதற்கு நாய் வேண்டும். லகோட்டோ ரொமன்யோலோ என்ற சுருள்முடி நாய் இனம் இந்த வேலைக்குப் பேர்போனது. இத்தாலியின் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி பழக்கிய நாயோடும் சிறு கைக்கருவியோடும் மட்டுமே தேடலாம், தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும், தோண்டிய குழியை மூட வேண்டும், முற்றாததை எடுக்கக்கூடாது. பன்றி மண்ணைக் கன்னாபின்னாவென்று கிளறிப் பூஞ்சை இழைகளை அறுத்துவிடும். கிடைத்ததைத் தின்றும் விடும். பீட்மாண்டில் இந்த வேலை செய்பவரை ட்ரிஃபொலாவ் என்பார்கள். தனக்குத் தெரிந்த மரங்களை அவர் பிறரிடம் சொல்வதில்லை. பலர் இரவில்தான் போகிறார்கள். இந்த அறிவையும் பழக்கத்தையும் 2021 டிசம்பரில் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. போட்டியின் கொடூர முகமும் உண்டு. பிறரின் நாய்களைக் கொல்லக் காட்டில் விஷ உணவு வைப்பது இத்தாலியில் திரும்பத் திரும்ப நடக்கும் குற்றம்.

இவ்வளவுக்குப் பிறகும் கையில் கிடைப்பது சில நாள் வாழும் பொருள். அதனால் நல்ல மழை பெய்த ஆண்டில் ஆல்பாவில் கிலோ இரண்டாயிரம், மூவாயிரம் யூரோவுக்கு விற்பது, வறண்ட ஆண்டில் நாலாயிரத்தைத் தாண்டிப் போகிறது. குளிர்காலக் கருப்பு பொதுவாக அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ. கோடை ட்ரஃபிள் இன்னும் கீழே.

ஏலச் செய்திகளில் வரும் தொகை இந்தச் சந்தை விலை அல்ல. ஆல்பாவுக்கு அருகே கிரின்ஸானே கவூர் கோட்டையில் 1999 முதல் நடக்கும் ஏலம் அறக்கொடைக்காக நடப்பது. விளம்பரமும் அதன் நோக்கம். இந்த விளம்பர வழியைத் தொடங்கிவைத்தவர் ஆல்பா ஹோட்டல்காரர் ஜாக்கோமோ மோர்ரா. 1949இல் அந்த ஆண்டின் சிறந்த ட்ரஃபிளை நடிகை ரீட்டா ஹேவொர்த்துக்கு அனுப்பினார். பின்னால் சர்ச்சில் போன்றவர்களுக்கும் போனது. மிகப் பெரிய ட்ரஃபிளுக்குக் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி அளவுக்கும் புகழுக்கும் கொடுப்பது. அதே மணம், முற்றியிருந்தால், நெல்லிக்காய் அளவு ட்ரஃபிளிலும் இருக்கும்.

பாட்டிலில் இருப்பது என்ன?

இப்போது அந்த ஃப்ரைஸுக்கு வருவோம்.

ட்ரஃபிளின் வாசனையை எண்ணெயில் இறக்கி மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது கடினம். விரைவில் மங்கிவிடும். ஆனால் 2,4-டைதயாபென்டேனை ஆய்வகத்தில் மலிவாகத் தயாரிக்க முடியும். கடைகளில் உள்ள பெரும்பாலான ட்ரஃபிள் எண்ணெய், ஏதோ ஒரு தாவர எண்ணெயில் அந்தச் சேர்மத்தைக் கலந்ததுதான். பாட்டிலின் அடியில் கிடக்கும் கருப்புத் துண்டு பெரும்பாலும் கோடை ட்ரஃபிளின் சீவல். மணத்தில் அதற்குப் பங்கு ஏறக்குறைய இல்லை. சிப்ஸ், மயோனைஸ், பாலாடைக்கட்டி எல்லாவற்றுக்கும் இதே கதை.

உடம்புக்குக் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. உணவில் அனுமதிக்கப்பட்ட வாசனைப் பொருள்தான். அந்த ருசி பிடித்தால் தாராளமாகச் சாப்பிடலாம். என் வருத்தம் வேறு. உண்மையான ட்ரஃபிளில் பல சேர்மங்கள் ஒன்றோடொன்று இழைந்து வரும். எண்ணெயில் ஒன்றே ஒன்று மட்டும் உரத்து ஒலிக்கிறது. எண்ணெயை மட்டுமே முகர்ந்து பழகியவருக்கு நல்ல ட்ரஃபிளைக் கொடுத்தால் 'வாசனையே இல்லையே' என்கிறார். வெளிநாடு போன இடத்தில் பெரிய பணம் கொடுத்து முதல்முறை சாப்பிடுபவர்கள் ஏமாற்றத்தோடு திரும்பப் பெரும்பாலும் இதுதான் காரணம். போதாக்குறைக்குச் சில உணவகங்கள் மணமில்லாத ட்ரஃபிளைச் சீவிப் போட்டு, மேலே எண்ணெயையும் சொட்டவிடுகின்றன. விலை மட்டும் முழுதாக.

லேபிளைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. மூலப்பொருள் பட்டியலில் 'அரோமா', 'ஃப்ளேவரிங்' என்று இருந்தால், நீங்கள் முகர்வது பெரும்பாலும் அதைத்தான். இந்தியப் பொருட்களில் கூடுதல் வாசனைப்பொருள் சேர்த்தது என்ற அறிவிப்பு பாக்கெட்டில் இருக்கும்.
2. ட்ரஃபிளின் இனப்பெயரும் சதவீதமும் இருக்கிறதா என்று பாருங்கள். 'ட்ரஃபிள்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தால் வெள்ளை என்றோ பெரிகோர் என்றோ கற்பனை செய்ய வேண்டாம்.
3. முன்பக்கத்தில் வெள்ளை ட்ரஃபிள் படம், பின்பக்கத்தில் டியூபர் ஈஸ்டிவம் என்று இருப்பது சர்வ சாதாரணம். பின்பக்கத்தை நம்புங்கள்.

புதிதாக வாங்கும்போது

பிரான்ஸின் லால்பெங்க் ஊரில் குளிர்காலச் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் சந்தையிலும், ரிஷராஞ்ச் ஊரின் சனிக்கிழமைச் சந்தையிலும் வாங்குபவர்கள் கூடைக்குள் மூக்கை நுழைத்து முகர்வார்கள். அப்புறம் தோலில் நகக்கண் அளவு கீறி உள்நிறத்தைப் பார்ப்பார்கள். கடையில் வாங்கும் நமக்கும் அடிப்படை அதேதான்.

1. இனப்பெயரைக் கேளுங்கள். லத்தீன் பெயரைச் சொல்லத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். பருவத்தோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்: ஜூலையில் 'புதிய வெள்ளை ட்ரஃபிள்' என்று யாராவது சொன்னால் அது மாக்னாட்டம் அல்ல. ஜூலையில் புதிய மெலனோஸ்போரம் என்றால் தென் அரைக்கோளத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும்.

2. தோண்டிய நாளைக் கேளுங்கள். கடைக்கு வந்த நாளை அல்ல. வெள்ளைக்கு ஒரு வாரம், நன்றாக வைத்திருந்தால் பத்து நாள். கருப்புக்கு இரண்டு வாரம் வரை. இந்தியாவுக்கு வந்து சேர்வதற்குள் இதில் சில நாள் விமானத்திலும் சுங்கத்திலும் கழிந்திருக்கும்.

3. கையில் எடுத்து அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். அமுங்கினால் அழுகத் தொடங்கிவிட்டது. கல் போல இறுகி, எடை குறைந்து காய்ந்திருந்தால் மணம் போய்விட்டது. ரப்பர் போலத் துள்ளினால் சீன ட்ரஃபிளோ என்று சந்தேகப்படுங்கள்.

4. முகருங்கள். முகர விடாத கடை வேண்டாம். மணத்தைத்தான் வாங்குகிறீர்கள். அம்மோனியா நெடி வந்தால் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது.

5. உள்நிறம். கருப்பு என்று வாங்குவது உள்ளேயும் கருமையாக இருக்க வேண்டும். வெளிர்ந்திருந்தால் கோடை இனம், அல்லது முற்றாதது. நரம்புகள் தடிப்பாக, இடைவெளி விட்டு ஓடினால் இண்டிகமாகவோ, டியூபர் புருமாலே என்ற மலிவான இன்னொரு இனமாகவோ இருக்கலாம். உறுதியாகச் சொல்ல நுண்ணோக்கியில் வித்தைப் பார்க்க வேண்டும்.

6. மண் ஒட்டியிருந்தால் எடையில் சேரும். கழுவியிருந்தால் சீக்கிரம் கெடும். லேசாக மண் ஒட்டியதே மேல். ஆனால் பள்ளங்களில் களிமண்ணை அப்பி எடையைக் கூட்டுவதும், உடைந்த துண்டுகளை ஒட்டவைத்துப் பெரிதாகக் காட்டுவதும் பழைய தந்திரங்கள்.

உணவகத்தில் சாப்பிடுவதானால் கணக்கு எளிது. வெள்ளை ட்ரஃபிள் தலைக்கு 7 முதல் 10 கிராம் போதும். கிலோ 4,000 யூரோ என்றால் கிராம் 4 யூரோ. 8 கிராமுக்கு 32 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் 3,200 ரூபாய். அதன் மேல் உணவகத்தின் லாபம். நல்ல இடங்களில் சீவுவதற்கு முன்னும் பின்னும் உங்கள் கண்முன்னே தராசில் வைத்து, குறைந்த எடைக்கு மட்டும் காசு வாங்குவார்கள். கிராம் விலையை முதலிலேயே கேட்பதில் கூச்சம் வேண்டாம். பீட்மாண்டில் உள்ளூர்க்காரர்களே கேட்கிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

ட்ரஃபிளில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். நாளுக்கு நாள் எடை குறையும், கூடவே மணமும். காகிதத் துவாலையில் சுற்றி, மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். காகிதத்தைத் தினமும் மாற்றுங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்லும் யோசனை பரவலாக இருக்கிறது. அரிசி ஈரத்தை உறிஞ்சி ட்ரஃபிளை வற்றவைத்துவிடும், செய்யாதீர்கள். அதே சீசாவில் முட்டைகளை வைப்பது நல்ல யோசனை. முட்டை ஓட்டில் நுண்துளைகள் உண்டு, உள்ளே இருக்கும் மஞ்சள் கருவின் கொழுப்பு மணத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓரிரு நாள் கழித்து அந்த முட்டையை ஆம்லெட் போட்டால், ட்ரஃபிளைத் தொடாமலேயே அதன் வாசனை வரும்.

சமைக்கும் நாளில் ஈரமான மென்தூரிகையால் மண்ணைத் தேய்த்து, உடனே துடைத்துவிடுங்கள். பிறகு நினைவில் வைக்க வேண்டியது கொழுப்பும் மிதமான சூடும். மணச் சேர்மங்கள் கொழுப்பில் கரையும். சூடு அவற்றை மூக்குக்குக் கிளப்பும். அதிகச் சூடு விரட்டிவிடும். பீட்மாண்ட் சமையல் இதைச் சரியாகப் பிடித்துவைத்திருக்கிறது: முட்டை மஞ்சள் கரு நிறைய சேர்த்த தயாரின் என்ற மெல்லிய பாஸ்தாவில் வெண்ணெய், அல்லது உருக்கிய பாலாடைக்கட்டியான ஃபோன்டூட்டா, அல்லது வெண்ணெயில் பொரித்த முட்டை. மேசைக்கு வந்த பிறகு வெள்ளை ட்ரஃபிளைப் பச்சையாக, காகிதம் போல மெல்லிசாக அதன் மேல் சீவுவார்கள். அடுப்பில் ஏற்றுவதே இல்லை. பூண்டு, வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் விலகி நிற்கும். நம் வீட்டில் செய்ய நினைத்தால் வெண்ணெய் போட்டுக் குழைய வடித்த சோறும் அரைவேக்காட்டு முட்டையும் போதும். கொத்தமல்லி, கறிவேப்பிலை தாளித்த எதிலும் போட வேண்டாம், காசு வீண்.

கருப்பு ட்ரஃபிளுக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. சீவியதை இளஞ்சூடான வெண்ணெயிலோ க்ரீமிலோ சிறிது நேரம் ஊறவிட்டால் மணம் இன்னும் விரியும். கோழியின் தோலுக்கு அடியில் சீவல்களைச் செருகி, ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்து வேகவைப்பது பழைய பிரெஞ்சு முறை. மிச்சம் வந்தால் துருவி, உப்பில்லாத வெண்ணெயோடு பிசைந்து உறைநிலையில் வைத்துக்கொள்ளலாம். சில வாரங்களுக்கு நன்றாக இருக்கும். எண்ணெயில் போட்டு அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். மண்ணிலிருந்து வந்த பொருள், எண்ணெய்க்குள் காற்று கிடையாது. பாட்யூலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு அது தோதான இடம். வெள்ளை ட்ரஃபிளை உறையவைத்தால் பெரும்பகுதி மணம் போய்விடும். அதனால் எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று எண்ணி, அவ்வளவு கிராம் மட்டும் வாங்கி, வந்த அன்றோ மறுநாளோ முடித்துவிடுங்கள்.